முப்பதா, நாற்பதா

"சார், கோச்சுக்காதீங்க. பானெட்ட மட்டும் தொறங்க. ஸ்டிக்க ஒரு தபா பாத்துட்டுப் போயிடறேன்."

ஜமுனாமரத்தூர் படகுத்துறை, ஞாயிற்றுக்கிழமை காலை. பெங்களூர் நம்பர் போட்ட கார் ஒன்று அப்போதுதான் வந்து நிற்கிறது. ஓட்டிவந்தவர் இன்னும் கதவைக்கூடத் திறக்கவில்லை, அதற்குள் வெற்றிச்செல்வன் ஜன்னலோரம் போய் நின்றுவிட்டான். மடித்துக் கட்டிய லுங்கி, தோளில் ஆயில் துணி, முகத்தில் அப்படி ஒரு கெஞ்சல். காசு கேட்கிறானா, பார்க்கிங் சீட்டு கிழிக்க வந்தவனா என்று அவருக்குப் புரியவில்லை. பின்சீட்டுப் பெண் கைப்பையை மடிக்குள் இழுத்துக்கொள்கிறாள்.

பாதிப் பேர் விரட்டிவிடுவார்கள். மீதிப் பேர் மலைக்கு வந்த சந்தோஷத்தில் சிரித்துக்கொண்டே திறந்துவிடுவார்கள். அவன் ஆயில் ஸ்டிக்கை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து, நுனியில் நிற்கும் சொட்டைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்ப்பான். மோந்து பார்ப்பான். "இன்னா கிரேடு சார் ஊத்தறீங்க? முப்பதா, நாப்பதா?" என்பான். "தெரியலையே, சர்வீஸ்ல அவங்களே ஊத்திடுவாங்க" என்று பதில் வந்தால் போதும், சொந்தப் பிள்ளை எந்த வகுப்பில் படிக்கிறது என்று தெரியாத அப்பனைப் பார்ப்பதுபோல் பார்ப்பான். ஆனாலும் நன்றி சொல்லி, பானெட்டை ஓசைப்படாமல் மூடிவிட்டுத்தான் வருவான்.

எல்லாக் காரிடமும் போகமாட்டான். டர்போ வைத்த பெட்ரோல் கார், அதிலும் வேகத்துக்கென்றே செய்த கார், அதுதான் அவனுக்கு வேண்டும். கடைசி வளைவில் ஏறும்போதே சத்தத்தை வைத்துக் கண்டுபிடித்துவிடுவான். நாம் ஏதோ முக்கியமான விஷயம் பேசிக்கொண்டிருப்போம். நடுவில் கையை உயர்த்தி நம் வாயை அடைத்துவிட்டு ஓடிவிடுவான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நான் போளூரில் புளி மண்டி வைத்திருக்கிறேன். சீசன் வந்தால் வாரந்தோறும் மலையேறுவேன். என் மினி லாரிக்கு ஆயில் மாற்றுவது வெற்றிச்செல்வனின் ஷெட்டில்தான். எனக்குப் பொறுமை கிடையாது என்பது ஊரறிந்த சங்கதி. அவனோ ஒரு மூடியைக் கழற்றுவதற்குமுன் அதைச் சுற்றி வந்து பார்க்கிற ஆள். நாங்கள் இரண்டு பேரும் எப்படி இத்தனை வருஷம் ஒத்துப்போகிறோம் என்று என் வீட்டுக்காரிக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

ஆலங்காயம் போகிற சாலையில், ஊர் முடிகிற இடத்தில் அந்தத் தகர ஷெட். ஜீப், டிராக்டர், பைக், சாமை மூட்டை ஏற்றும் வேன் என்று மலையில் ஓடுகிற எல்லாவற்றுக்கும் அவன்தான் ஆயில் ஊற்றுகிறவன். அவற்றுக்கெல்லாம் அவன் யோசிப்பதே இல்லை. மலை வண்டிக்குக் கெட்டி ஆயில் என்பது அங்கே சட்டம் மாதிரி. தேய்ந்துபோன பழைய இன்ஜின்களுக்கு அது பொருத்தம்தான். 20W-50 டப்பாவை எடுப்பான், ஊற்றுவான், "மலை ஏற இதான் தெம்பு, எடுத்துகினு போ" என்று தட்டிக்கொடுத்து அனுப்புவான். குப்பனின் ஜீப்புக்கும் அதே, முனிசாமியின் டிராக்டருக்கும் அதே. ஷெட்டின் முன்பக்கம் டீ போட்டுக்கொண்டிருக்கும் அவன் மனைவி சசிகலாவுக்கு இந்த வாசகம் மனப்பாடம்.

யோசனையெல்லாம் ஒரே ஒரு வண்டிக்குத்தான். ஷெட்டின் பின்பாதியில், பழைய சேலைகளைச் சேர்த்துத் தைத்த போர்வைக்குள் அது நிற்கிறது. குட்டையாக, அகலமாக, தரையை ஒட்டிப் படுத்த மாதிரி ஒரு சிவப்பு டர்போ கார்.

வெற்றிச்செல்வன் இந்த மலைக்காரன்தான், சாமை விதைக்கும் சின்னக்குழந்தையின் மகன். மீசை முளைக்கும் வயதில் சென்னைக்குப் போய், கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் வேகக் கார்களைப் பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றில் சேர்ந்துகொண்டான். வேலை முடிந்த காரைச் சாலையில் ஓட்டிப்பார்ப்பது அவன் பொறுப்பு. அதைச் சொல்லும்போது அவன் குரலே வேறு. "கோவளம் தாண்டனதும் ரோடு தொறந்துக்கும்ண்ணா. ஒரு பக்கம் முச்சூடும் கடலு. மிதிச்சா முதுக சீட்டோட வெச்சி அழுத்தும். அப்ப டர்போ ஊதும் பாரு..." இந்த இடத்தில் கையில் இருக்கிற ஸ்பேனரை ஆயில் துணியால் துடைக்கத் தொடங்கிவிடுவான்.

கல்யாணம் ஆகிச் சசிகலாவும் சென்னைக்குப் போனாள். ஒற்றை அறைக் குடித்தனம். வாடிக்கைக்காரர் காரில் வீட்டாளை ஏற்றக்கூடாது என்று முதலாளி கண்டிப்பு. பஸ் பிடித்துப்போய் மெரினாவைப் பார்த்தார்கள். ஆனால் அவன் ராத்திரிச் சோற்றின்போது வர்ணிக்கிற அந்தச் சாலையை அவள் பார்க்கவில்லை. "நம்ம வண்டின்னு ஒண்ணு வரட்டும். ஒன்ன பக்கத்துல ஒக்கார வெச்சிகினு மாமல்லபுரம் தாண்டி உடறேன் பாரு" என்று சொல்லியிருக்கிறான். புதுசாகக் கல்யாணமானவன் சொல்கிற சொல். ஆயிரம் பேர் சொல்கிறார்கள், ஆயிரம் பேர் மறந்துபோகிறார்கள். இவள் நம்பிவிட்டாள். அதுதான் வினை.

பிறகு அந்தப் பெருவெள்ளம். பட்டறை முங்கிப்போய், முதலாளி கையை விரித்துவிட்டார். தண்ணீர் குடித்த கார்களை இன்சூரன்ஸ்காரர்கள் ஏலத்தில் தள்ளியபோது, இவன் இருந்ததையெல்லாம் போட்டு ஒன்றை எடுத்தான். பலாப்பழம் இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பிய லாரியில் அந்தக் காரை ஏற்றினான். முன்னால் டிரைவர் பக்கத்தில் இடமில்லை. பாத்திரம் பண்டத்தைச் சீட்டுகளில் வைத்து, சசிகலாவையும் காருக்குள்ளேயே உட்காரவைத்து மலைக்குக் கொண்டுவந்து சேர்த்தான். அவள் அந்தக் காரில் சவாரி செய்தது அந்த ஒரு தடவைதான், அதுவும் லாரிமேல். "ஆடிகினே வந்தேன்ண்ணா, மடியில குக்கரு" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். சிரித்து முடித்ததும் டீக் கிளாஸை அலம்பிக்கொண்டே இருப்பாள்.

இன்ஜினைப் பிரித்தான், கழுவினான். பேரிங் ஒரு வருஷம், பிஸ்டன் ஒரு வருஷம். டர்போ கோயம்புத்தூருக்குப் போய்விட்டு வந்தது. ஓடாத வண்டிக்கு ஆண்டு தவறாமல் இன்சூரன்ஸ் கட்டுகிற மனுஷனை நீங்கள் எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்திருக்கிறேன். போன பொங்கலுக்கு எல்லாம் முடிந்தது. பேட்டரி போட்டாயிற்று. பெட்ரோல்கூட ஊற்றியாயிற்று. ஆயில் ஊற்றிச் சாவியைத் திருப்ப வேண்டியது ஒன்றுதான் பாக்கி.

அங்கேதான் நின்றுவிட்டான்.

"டர்போன்றது லேசுப்பட்டது இல்லண்ணா" என்று எனக்குப் பாடம் எடுத்திருக்கிறான். "நிமிஷத்துக்கு லச்சம் சுத்துக்கு மேல சுத்தும். நெருப்பு மாதிரி காயும். அதுக்கு இன்னா ஆதரவு? நடுவுல நிக்கற பிசுக்கு ஆயிலுதான். கெட்டி ஆயில ஊத்தினா ஸ்டார்ட் பண்ண ஒடனே அங்க போய்ச் சேராது. மட்டமான ஆயில ஊத்தினா சூட்டுல கருகி, தோசக்கல்லுல ஒட்டன மாவு மாதிரி காஞ்சி அடச்சிக்கும். ஃபுல் சிந்தெடிக்தான் ஊத்தணும். டப்பா பின்னால கார் கம்பெனி ஒத்துக்கின நம்பரு இருக்கணும். அஞ்சு டபுள்யூ முப்பது, அஞ்சு டபுள்யூ நாப்பதுன்னு கிரேடு போட்டுக்கும். முன்னாடி இருக்கற அஞ்சு, குளுர்ல எவ்ளோ சுருக்கா ஓடும்ன்றதுக்கு. பின்னாடி இருக்கறது, காஞ்ச பிறகு எவ்ளோ கெட்டியா நிக்கும்ன்றதுக்கு."

"சரிடா, எந்த நம்பர் ஊத்தணும்னு கம்பெனி சொல்லல?"

"ரெண்டும் ஊத்தலாம்னு போட்டுக்கீறான். அதான் பேஜாரு. மலையிலயே சுத்திகினு கெடந்தா முப்பது போதும். நம்மூரு மார்கழிக் குளுருக்கு அதான் சோக்கு. வேலூரு வெயில்ல எறங்கி, கடலோரமா நிக்காம மிதிக்கணும்னா நாப்பதுதான் தாங்கும்."

5W-30 ஒரு டப்பா, 5W-40 ஒரு டப்பா என்று இரண்டையும் வாங்கி, துண்டில் சுற்றிப் பலகைமேல் வைத்திருக்கிறான். வாங்கிய பிறகுதான் இந்தப் படகுத்துறை அலைச்சல். ஒவ்வொரு நாளும் காலையில் சேலைப் போர்வையை விலக்கி, பானெட்டைத் தூக்கி, காலி இன்ஜினிலிருந்து ஸ்டிக்கை உருவுவான். ஒன்றும் இருக்காது. வறண்ட ஸ்டிக்கை வறண்ட துணியால் துடைத்துத் திரும்பச் செருகுவான்.

"ஊத்தாத ஆயில அளந்து பாக்கறியே, லூசாடா நீ?" என்று ஒரு நாள் கேட்டேவிட்டேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். "நீ ஆயில தேடல வெற்றி. நீ பயப்படற."

அவன் கோபப்படவில்லை. பானெட் விளிம்பில் கையை ஊன்றிக்கொண்டு, "ஸ்டார்ட் ஆவலன்னா இன்னா பண்றதுண்ணா?" என்றான். "இப்ப அது ஓடற வண்டின்னு நெனச்சிகினு தூங்கறேன். தெனம் அதுலதான் போறேன். அதுவும் இல்லன்னு ஆயிட்டா?" அவன்மேல் இருந்த எரிச்சலெல்லாம் போய், சங்கடமாகிவிட்டது.

சசிகலா வேறு மாதிரி. வாடிக்கைக்காரர்கள் முன்னாலேயே போட்டு உடைப்பாள். "என்ன பொண்ணு பாக்க வந்தப்ப, தட்டுல பஜ்ஜி ஆறறதுக்குள்ள சரின்னாரு. ஆயிலுக்குத்தான் இன்னும் ஜாதகம் பாத்துகினு கீறாரு." எல்லாரும் சிரிப்பார்கள். அவனும் சிரிப்பான்.

போன மாதம் அந்தச் சிரிப்பும் நின்றது. சாலையை அகலப்படுத்துகிறார்கள். ஷெட் சுவரில் சிவப்புப் பெயிண்டில் கோடு போட்டுவிட்டார்கள். திங்கட்கிழமை இடிக்க ஆள் வரும் என்று சொல்லியும் விட்டார்கள். எதிர்ச்சாரியில் சின்னதாக ஒரு இடம் கிடைத்திருக்கிறது. டூல்ஸும் டீ அடுப்பும் வைக்கலாம், கார் நிற்காது. வீடோ மேட்டுமேல், ஆள் நடக்கிற பாதைதான் உண்டு. ஆக, காருக்கு மலையில் இடமில்லை.

சசிகலா சொல்லிவிட்டாள். "கீழ அடிவாரத்துல, படவேட்டுல எங்க வசந்தியக்கா வூட்டு வாசல்ல எடம் கீது. அது தானா ஓடி அங்க போய்ச் சேரட்டும். இன்னொரு தபா அத்த லாரில ஏத்திகினு போறத நான் பாக்க மாட்டேன். ஞாயித்துக்கெழமைக்குள்ள ஓடலன்னா, திங்கக்கெழம ஒடுகத்தூர் சின்னராசு வந்து அறுத்து எடுத்துகினு போவட்டும். எனுக்கு ரெண்டும் ஒண்ணுதான்." சின்னராசு பழைய இரும்பு வியாபாரி. அவனுக்குப் போன் போட்டதும் அவளேதான். ரெண்டும் ஒண்ணுதான் என்று வாய்தான் சொன்னது. டீ வடிகட்டுகிறவள் பாதியைக் கிளாசுக்கு வெளியே ஊற்றினாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் முதலில் சொன்ன பெங்களூர் கார் வந்தது. நானும் கூடப் போயிருந்தேன். ஓட்டிவந்தவர் நல்ல மனுஷர், பானெட்டைத் திறந்தார். போனில் தேடி "முப்பது" என்றார். கூட வந்தவர் அவருடைய போனில் தேடி "நாற்பது" என்றார். இரண்டு பேரும் அங்கேயே சண்டை பிடித்துக்கொண்டார்கள். வெற்றிச்செல்வன் கும்பிட்டுவிட்டுத் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஷெட்டுக்குத் திரும்பினான்.

ஷெட்டுக்கு வந்தவன் நேரே பின்பக்கம் போனான். நான் முன்னால் பெஞ்சில் உட்கார்ந்தேன். போர்வை விலகும் சத்தம், பானெட் தூக்கும் சத்தம் கேட்டது. அப்புறம் ஒன்றுமே கேட்கவில்லை. எட்டிப் பார்த்தேன். ஸ்டிக்கை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு நின்றான். அது நனைந்திருந்தது. நுனியில் கெட்டியாக ஒரு சொட்டு, விழமாட்டேன் என்று தொங்கியது. விரலில் தேய்த்தான். மோந்தான்.

"சசி" என்றான். கத்தவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அவள் கையில் டீ வடிகட்டியோடு வந்தாள். "நாந்தான் ஊத்தனேன். நீ அங்க போய் கண்டவங்கிட்ட கெஞ்சிகினு இருந்தப்ப ஊத்தனேன். இன்னா இப்போ?"

"எத்த ஊத்தன?"

"எல்லாருக்கும் நீ ஊத்தறதத்தான். மலை ஏற இதான் தெம்புன்னு நீதான சொல்லிகினு கீற? நல்லதுன்னுதான சொல்ற? அத்தான் ஊத்தனேன். ஒரு சொட்டு கீழ சிந்தல, போய்ப் பாரு."

தொலைந்தது என்று நினைத்தேன். இத்தனை வருஷம் பொன்னைப்போல் பூட்டிய இன்ஜினில் டிராக்டர் ஆயில்! வேறு ஆளாக இருந்தால் அன்றைக்கு அந்த ஷெட்டை இடிக்கத் திங்கட்கிழமைவரை காத்திருக்க வேண்டியிருக்காது. வெற்றிச்செல்வன் ஒரு பழைய டயர்மேல் உட்கார்ந்துவிட்டான். தோள் குலுங்கியது. அழுகிறான் என்று கிட்டே போனேன். சிரித்துக்கொண்டும் இருந்தான். இரண்டும் சேர்ந்து வருகிற மனுஷனை என்ன செய்வது?

"சாவி போட்டியா?" என்று கேட்டான்.

"போடல" என்றாள் சசிகலா. குரல் இறங்கிவிட்டது. "அது நீதான போடணும்."

"தப்பு ஆயிலு சசி அது."

"தப்போ ரைட்டோ, எதுனா ஒண்ண ஊத்தியாவணும் இல்ல? நாளைக்கு சின்னராசு வந்துடுவான். நானே கூப்டேன். நானே எப்டி வாணாம்னு சொல்றது?" வடிகட்டியை இடுப்பில் செருகப் பார்த்தாள், அது விழுந்தது. எடுக்கவில்லை. "எனுக்கு வேணும்யா அந்த வண்டி. ஒனக்கு மட்டுந்தான் வேணும்னு நெனச்சிகினு கீறியா?"

அவன் எழுந்து, ஒரு பழைய சாக்கை விரித்துக் காருக்கடியில் படுத்துவிட்டான். கீழ்த் திருகைக் கழற்றியதும், அவள் ஊற்றியது அவ்வளவும் தட்டில் மெதுவாக இறங்கத் தொடங்கியது. கெட்டி ஆயில் அல்லவா, அவசரமே இல்லை அதற்கு. எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. புளி லோடு ஏற்ற ஆட்கள் காத்திருந்தார்கள், நான் போகவில்லை. செய்தி பரவிக் குப்பன் வந்தான், முனிசாமி வந்தான். எல்லாரும் ஏதோ பிரசவ ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிற மாதிரி நின்றார்கள். கடைசிச் சொட்டும் வடிந்து, ஃபில்டரையும் புதிதாக மாற்றி, மதியச் சோறும் சாப்பிடாமல், பலகை முன்னால் போய் நின்றான். இரண்டு டப்பாவும் துண்டுக்குள் இருந்தன.

திரும்பாமலே கேட்டான். "சசி, படவேட்டோட நிறுத்திக்கலாமா? இல்ல, தாண்டிப் போலாமா?"

அது எதைப்பற்றிய கேள்வி என்று அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

"படவேட்டுல இன்னா கீது? எங்கக்காதான் கீறா" என்றாள் அவள். "நீ எங்க போலாம்னு சொன்ன?"

அவன் நாற்பதை எடுத்தான்.

முதலில் டர்போவின் குழாயைக் கழற்றி அதற்குள் கொஞ்சம் கையாலேயே ஊற்றித் திரும்ப மாட்டினான். மீதியை இன்ஜினுக்கு விட்டான். தீப்பொறி போகாமல் வயரைக் கழற்றிவிட்டு, ஸ்டியரிங்குக்குப் பின்னால் எரிகிற ஆயில் விளக்கு அணைகிறவரை இன்ஜினைச் சும்மா சுற்றவிட்டான். மறுபடி வயரைச் செருகினான். துணியால் கையைத் துடைத்துக்கொண்டு, செருப்பைக் கழற்றி வெளியே விட்டுவிட்டு உள்ளே உட்கார்ந்தான். சாவியைத் திருப்பினான். இருமியது, நின்றது. மறுபடி திருப்பினான். ஒரு உறுமல், தகரக் கூரை கடகடவென்று ஆடியது. வெள்ளைப் புகை கொஞ்சம் வந்து, பிறகு அதுவும் அடங்கி, சீராக ஓட ஆரம்பித்தது. குப்பன் விசிலடித்தான். முனிசாமி என் கையைப் பிடித்துக் குலுக்கினான், நான் என்னவோ பெற்றுக்கொடுத்த மாதிரி.

சசிகலாவைக் காணோம். மேட்டு வீட்டுக்கு ஓடியிருக்கிறாள். மூச்சிரைக்க இறங்கி வந்தபோது பச்சைப் பட்டுப்புடவை கட்டியிருந்தாள், கையில் புடைத்த துணிப்பை. அடுப்பை அணைத்தாள். என்னைப் பார்த்து, "ண்ணா, டீக் கடைய சாத்திடு" என்று சாவியை என் கையில் திணித்தாள். இடப்பக்கக் கதவைத் திறந்து, உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

வெற்றிச்செல்வன் இறங்கிவந்து பானெட் முன்னால் குனிந்து நின்றான். எங்கேயாவது கசிகிறதா என்று பார்த்தான். குனிந்து கேட்டான், நிமிர்ந்தான், மறுபடி குனிந்தான்.

"போலாமா?" என்றாள்.

"இருமா, கொஞ்சம் காயட்டும்."

"காஞ்சிடுச்சா?"

"ஒரு நிமிஷம் சசி. அந்த ஓசு பைப்பு ஒண்ண பாத்துக்கறேன்."

தூக்கி நின்ற பானெட்டுக்குப் பின்னால் அவள் முகம் அவனுக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. அவள் இடக்கையால் மடியிலிருந்த பையைப் பிடித்துக்கொண்டாள். வலக்கையை எட்டி நீட்டி, ஸ்டியரிங் நடுவில் வைத்து ஹாரனை அழுத்தினாள். அழுத்திய கையை எடுக்கவே இல்லை.